மூன்று ஆசன மிதிவண்டி விலைபோன நாள்

மிதிவண்டியின் பின்னாசனத்தில் என் மூத்த மகன் தங்கவேலு ஏறி உட்கார்ந்தபோது அவனுடைய முழங்கால்கள் ஏறக்குறைய காதுகளைத் தொட்டன. பாதங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் வெட்கத்துடன் சிரித்தான். வாசற்படியில் நின்றிருந்த கிராணியாரின் மனைவியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கிராணியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜப்பானியர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டாக இருக்கலாம். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்ற மாதம். குருண் என்ற சிற்றூருக்கு அருகே நாங்கள் வாழ்ந்த தோட்டத்தில், ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணியார் வீட்டு வாசலில், பத்து மணி வெயிலில் நடந்தது இது.

இத்தொடரில் இதுவரை நகைப்புக்குரிய செய்திகளையே மிகுதியாக எழுதி வந்தேன் என்று அன்பர் ஒருவர் கடிதத்தில் குறை கூறியிருந்தார். அவர் கூறியது உண்மை. எழுத வேண்டியதைத் தள்ளிப்போடவே மற்றவற்றை எழுதினேன்.

மூன்று விரல், மூன்று ஆசனம்

அந்த வண்டி எங்களுக்கு வந்த வழியை முதலில் சொல்ல வேண்டும்.

போருக்கு முன்னர், உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாகப் பிழியும் இயந்திரத்தில் எனக்கு வேலை. ஒருநாள் அந்த இயந்திரம் என் இடக்கையின் மூன்று விரல்களைத் தகட்டோடு இழுத்துக்கொண்டது. தோட்டத்துத் துரை என்னைப் புகைவீட்டுக்கு மாற்றினார். தகடுகளைத் தொங்கவிட்டு, அடியில் விறகு மூட்டி, புகை குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்கு ஏழு விரல் போதும்.

விரல்களுக்கு ஈடாகக் கிடைத்த தொகையில் ஒரு பழைய மிதிவண்டி வாங்கினேன். குருணில் ஆ செங் என்றொரு சீனர் மிதிவண்டிக் கடை வைத்திருந்தார். எனக்கு மூன்று பிள்ளைகள் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் வண்டியைச் சுற்றிவந்து, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் படம் போட்டார். பத்து நாள் கழித்துப் போனபோது வண்டி வேறொரு பிறவி எடுத்து நின்றது.

குறுக்குத் தண்டின்மேல் ஒரு சிறு ஆசனம். எனக்குப் பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால் இரும்புச் சட்டத்தை நீட்டி, வந்த வழியைப் பார்த்தபடி அமரும்வண்ணம் இன்னொன்று. மூன்றுக்கும் பிரம்பு முடைந்து, சாய்வதற்கு முதுகும் வைத்திருந்தார்.

வண்டியைக் கண்டதும் என் மனைவி அஞ்சலை சொன்ன முதற்சொல், "மூணு விரலுக்கு மூணு சீட்டு. சரியாப் போச்சு."

முன்னே கடைக்குட்டி ராஜு. என் முதுகைப் பிடித்தபடி மகள் பார்வதி. கடைசியில் தங்கவேலு. பின்னால் வரும் வாகனங்களைப் பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு. "லாரி வருதுப்பா, ஓரம் போங்க," என்பான். லாரி இல்லாத நேரத்தில், "மாடு வருதுப்பா, அவசரமில்லை," என்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் குருண் பாசாருக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டால் லயத்து வரிசை வீட்டு மக்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த வீட்டுக் கருப்பையாவின் வாய் சும்மா இராது.

"பஸ்காரரே, குருணுக்கு ஒரு டிக்கெட் கொடுங்கலா!"

"சீட்டு இல்லை. நின்னுகிட்டு வர்றியா?"

"டயரைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வரேன்."

அஞ்சலைக்கு அதில் இடம் கிடையாது. "நாலு பேரும் சவாரி போறீங்க. நான் என்ன, டயருக்குக் காத்தா?" என்று கேட்பாள். திரும்பி வரும்போது அவளுக்குப் பூவும் பக்கோடாவும் வாங்கி வருவோம். பக்கோடாப் பொட்டலம் பின்னாசனத்தில் வருவதால் பாதிதான் வீடு சேரும்.

வளர்ந்துவிட்டான் என்று சொல்லாத வீடுகள்

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்றைய இளைஞர்களுக்கு அது விந்தையாகத் தோன்றலாம்.

எங்கள் லயத்துத் தாய்மார் எவரும் தம் பிள்ளைகளின் வயதைச் சரியாகச் சொல்லமாட்டார்கள். ஒன்றோ இரண்டோ குறைத்தே சொல்லுவார்கள். பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்திருந்தால் மூன்றும் குறையும். கண்ணேறு பட்டுவிடும் என்ற அச்சம்.

"உன் மகன் என்ன அஞ்சலை, தென்னங்கன்னு மாதிரி வளர்ந்துட்டானே!" என்று எவரேனும் வியந்தால், "எங்கக்கா, காத்தடிச்சா விழுந்துடுவான். பத்துதான் முடிஞ்சிருக்கு," என்பாள். அவனுக்குப் பன்னிரண்டு ஆகியிருக்கும். கேட்டவருக்கும் அது தெரியும். அவர் வீட்டுக் கணக்கும் அப்படித்தான்.

எனக்கு அது பிடிப்பதில்லை. நான் பள்ளிக்கூட வாசலை மிதியாதவன். புகைவீட்டு அடுப்பு வெளிச்சத்தில் பழைய பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே கற்றவன். அப்படிக் கற்றவனுக்கு இறுமாப்பு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். "உள்ளதைச் சொல்ல என்ன பயம்? மூடப்பழக்கம்," என்று மனைவியைக் கடிந்துகொள்வேன். அவள் மறுமொழி சொல்லமாட்டாள். வழக்கத்தையும் விடமாட்டாள்.

ரப்பர்க் காட்டில் டயர் இல்லை

ஜப்பானியர் வந்தபின் ரப்பரை வாங்க ஆளில்லை. பாதி மரங்களை வெட்டி மரவள்ளி நட்டார்கள். அரிசி கண்ணில் படுவது அரிதாயிற்று. மூன்று வேளையும் கிழங்கு. சாக்கைக் கிழித்து உடுத்தினோம்.

சுற்றிலும் ரப்பர் மரம் நிற்க, மிதிவண்டிக்கு டயர் கிடைக்கவில்லை என்பதை என் பேரன் நம்ப மறுக்கிறான். ரப்பர் இருந்தது; டயராக்கும் வித்தை எங்களிடம் இல்லை. புகைவீட்டுத் தகடுகளை நீளவாக்கில் வெட்டி, சக்கரத்தில் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். காலையில் அது ஓடும். உச்சி வெயிலில் இளகிப் பிசின் போலாகி வழியிலுள்ள மணலையெல்லாம் வாரிக்கொள்ளும். வீடு சேரும்போது சக்கரம் இரு மடங்கு பருத்திருக்கும்.

ஆனாலும் அந்த வண்டியை ஓட்டினேன். தங்கவேலு பின்னாசனத்தில் கொள்ளாமல் போய்விட்டான். ஊரே மெலிந்தபோது அவன் மட்டும் கிழங்கைத் தின்று உயரத்தில் வளர்ந்தான். சதை இல்லை, எலும்பு மட்டும் நீண்டது. பார்வதியின் கால்களும் தரையை உரசத் தொடங்கின. வண்டி எங்களை விட்டு மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பார்வதிக்குப் பாதம் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு முழங்கால் வரை ஏறியது. மூச்சு வாங்கியது. தோட்டத்து மருத்துவமனையில் மருந்து தீர்ந்து நெடுநாளாகியிருந்தது. அங்கே மருத்துவ உதவியாளராக இருந்த டிரெசர் பார்த்துவிட்டு, "மருந்து வேண்டாம். கைக்குத்தல் அரிசியும் பச்சைப்பயறும் கொடு. கிடைத்தால் பிழைப்பாள்," என்றார்.

தோட்டத்தில் அவ்விரண்டும் இருந்த வீடு ஒன்றுதான். பெரிய கிராணியார் வீடு. அவருக்கு மெர்போக் பக்கத்திலிருந்து நெல் வந்துகொண்டிருந்தது. அவருக்கு மூன்று சிறு பிள்ளைகள் இருந்தனர். எங்கள் வண்டியை அவர் மனைவியார் பலமுறை நின்று பார்த்ததை நான் அறிவேன்.

வாசலில் நடந்த பேரம்

கிராணியார் யாழ்ப்பாணத்தார். படித்தவர், கண்ணியமானவர். ஒருவரையும் 'அடே' என்று விளித்ததில்லை. தங்கவேலுவையும் ராஜுவையும் அழைத்துக்கொண்டு, வண்டியைத் துடைத்து எடுத்துப் போனேன்.

"ஏன் விக்கிறீர்? நல்ல வண்டியெல்லே?" என்று கேட்டார்.

மகள் சாகக் கிடக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நோய் கண்ட வீட்டுப் பொருளை, அதுவும் குழந்தைகள் அமரும் ஆசனத்தை, எந்தத் தாய் தன் வீட்டுக்குள் விடுவாள்? அது ஒன்று. கை நீட்டி இரக்கம் பெற என் மனம் ஒப்பவில்லை. அது மற்றொன்று. இரண்டில் எது பெரிது என்று இன்றளவும் எனக்குத் தெளிவில்லை.

"பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க ஐயா. இடம் கொள்ளலை," என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏதோ சுகமில்லை எண்டு கேள்வி?"

"லேசா சளி ஐயா. விளையாடுது."

அவர் மனைவியார் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "எங்கடை சின்னனுக்கு ஒண்டரை வயசு. இதிலையிருந்து விழாதோ?"

"மூணு பேரையும் இதுலதாம்மா வளர்த்தேன். ஒரு நாள் ஒருத்தர் விழுந்ததில்லை. தங்கவேலு, ஏறி உட்காரு. அம்மா பார்க்கட்டும்."

அவன் ஏறினான். நான் தொடக்கத்தில் எழுதிய சிரிப்பு அப்போது எழுந்ததுதான்.

"ஐயோ, வெட்டுக்கிளி மாதிரியெல்லே இருக்கிறான்! உவனுக்கு எத்தினை வயசு?"

தங்கவேலுவுக்குப் பதின்மூன்று. அதைச் சொன்னால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வண்டி வேண்டாமா, பிறகேன் விற்கிறாய் என்று கேட்பார்கள் எனத் தோன்றியது. கூட்டிச் சொன்னேன்.

"பதினாறு முடிஞ்சிடுச்சும்மா. ஆளாயிட்டான். இனிமே இவன்தான் என்னைப் பின்னாடி வச்சு மிதிக்கணும்."

கிராணியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தங்கவேலு இறங்கி நின்றான். தகப்பன் வாயால் ஆளாகிவிட்டோம் என்று கேட்டதும் முதுகை நிமிர்த்தி, தோளை விரித்து, இன்னும் ஓரங்குலம் உயர்ந்து நின்றான்.

அரை மூட்டை அரிசியும் ஒரு சிறு பை பயறும் கிடைத்தன. அரிசியை அவன் தலையில் சுமந்து வந்தான். ஆளானவன் சுமக்க வேண்டும் என்று என்னைத் தொடவிடவில்லை.

அன்று வீட்டில் சோறு கொதித்தது. பார்வதி வாசனைக்கே கண் விழித்தாள். பின்பு சோர்ந்து மறுபடியும் உறங்கிப்போனாள். அடுப்படியில் ராஜு தாயிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான். "அண்ணனுக்குப் பதினாறுன்னு அப்பா சொன்னாரும்மா. அந்தம்மா வெட்டுக்கிளின்னுச்சு."

அஞ்சலை அகப்பையை நிறுத்தினாள். "மூணு வயசைக் கூட்டியா சொன்னீங்க?"

"வியாபாரம்னா அப்படித்தான்."

உப்புக் கிடைக்காத காலம் அது. அவள் இருந்த உப்பில் ஒரு கை அள்ளி, மகனை உட்காரவைத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பை வீணாக்குகிறாளே என்று நான் சத்தம் போட்டேன்.

பெரட்டில் வாசித்த பெயர்

ஒரு மாதத்தில் பார்வதியின் வீக்கம் வடிந்தது. எழுந்து நடந்தாள். நான் செய்தது சரியென்று நெஞ்சு நிமிர்த்தித் திரிந்தேன்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு முன்பே இருந்தது. விரும்பியவர் போகலாம் என்றார்கள். பிறகு ஒருநாள், விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஆணையை வாசித்தார்கள். வீட்டுக்கு ஒருவர். உடலில் குறையில்லாத, பதினாறு வயது முடிந்த ஆண். மூன்று மாத வேலை என்றார்கள்.

எனக்கு அச்சமே எழவில்லை. எனக்கு விரல் இல்லை. என் மகனுக்கு வயதில்லை. எங்கள் வீட்டில் எடுக்க ஆளில்லை என்றே எண்ணி நின்றேன்.

வெள்ளைக்காரர்கள் ஓடிய வாரத்தில் ஆபீஸ் காகிதங்களை எரித்துவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளைகள் பிறந்த நாட்களும் அதில் சாம்பலாயின. கிராணியார் தாம் கேட்டறிந்தவற்றைக் கொண்டே புதிய பட்டியல் எழுதியிருந்தார். வாளோடு நின்ற ஜப்பானிய அதிகாரியின் பக்கத்தில் நின்று அதை வாசித்தார். கருப்பையாவின் பெயர் வந்தது. அடுத்து, தங்கவேலு.

அன்று நடுப்பகலில் அவர் வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் எங்கள் வண்டி நின்றது. மூன்று ஆசனத்திலும் மூன்று குழந்தைகள்.

"பையனுக்குப் பதிமூணுதான் ஐயா."

"நீர்தானே பதினாறு எண்டு சொன்னனீர்? என்ரை மனுசியும் கேட்டுக்கொண்டு நிண்டவ."

"சைக்கிளை விக்கிறதுக்காகச் சொன்னேன் ஐயா. பொய்."

"எது பொய்? அண்டைக்குச் சொன்னதோ, இண்டைக்குச் சொல்லுறதோ?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"ஆள் எண்ணிக்கை மேலிடத்துக்குப் போயிட்டுது. ஒரு தலை குறைஞ்சால் என்னைப் பிடிப்பாங்கள். எனக்கும் மூண்டு பிள்ளையள். அவன்ரை இடத்துக்கு வேறை ஒரு பேர் சொல்லும். மாத்திறன்."

"என்னைப் போடுங்க."

"உம்மடை கையைக் கண்டால் திருப்பி அனுப்பிப்போட்டு மகனைத்தான் கேப்பாங்கள். வேறை பேர்."

வேறொரு பெயர் எனக்குத் தெரியும். எங்கள் வரிசையிலேயே ஒரு கைம்பெண்ணின் மகன். பதினேழு வயது. தாய் பதினான்கு என்று சொல்லி வைத்திருந்தாள். குள்ளமானவன் ஆதலால் ஊர் நம்பியது. அந்தப் பெயர் என் நாக்கு நுனிவரை வந்தது. வாயையும் திறந்தேன். அந்த நேரத்தில் ஒரு குழந்தை வண்டி மணியை விடாமல் அடித்தது. கிராணியார் திரும்பி அதட்டினார். அவர் மறுபடியும் என்னைப் பார்த்தபோது எனக்குச் சொல்ல முடியவில்லை. அதை நற்குணம் என்று எவரும் போற்ற வேண்டாம். அந்த மணி அடிக்காதிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பையன் இன்று பேரன் பேத்தி கண்டவராக இருக்கிறார்.

காட்டுக்குள் ஓடியவர்களும் உண்டு. ஓடியவர் வீட்டுக்குக் கிழங்குப் பங்கீடும் நிறுத்தப்பட்டது. தங்கவேலுவே வேண்டாம் என்றான். "மூணு மாசம்தானேப்பா. போயிட்டு வந்துடறேன்."

குருண் நிலையத்தில்

தங்கவேலுவுக்கு என் சட்டையைப் போட்டுவிட்டோம். கை நீளம் சரியாக இருந்தது. தோள் மட்டும் தொங்கியது.

பார்வதியையும் ராஜுவையும் வீட்டில் விட்டு அஞ்சலையும் நானும் குருண் வரை கூடவே நடந்தோம். நிலையத்தில் கூரையில்லாத வண்டிப் பெட்டிகள் நின்றன. அழுகையும் கூச்சலுமாக இருந்தது. அங்கே என் மனைவி, தன் வாழ்நாளில் முதல்முறையாக, மகனின் வயதைச் சரியாகச் சொன்னாள். ஆள் எண்ணிக்கொண்டிருந்த கங்காணியின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பதிமூணு வயசுய்யா. என் பிள்ளைக்குப் பதிமூணுய்யா."

அவர் நம்மவர்தாம். காலை விடுவித்துக்கொண்டு, அலுப்புடன், "எல்லா அம்மாவும் குறைச்சுத்தாம்மா சொல்றீங்க," என்றார்.

அவள் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள். எல்லாரும் எங்கள் லயத்துப் பெண்கள். ஒருத்தியாவது ஆமென்று சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். அவர்களும் அதே நேரத்தில் தத்தம் பிள்ளைகளின் வயதைக் குறைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியில் ஏறியிருந்த கருப்பையாவிடம் ஓடினாள். "அண்ணே, பதிமூணுதான் அண்ணே. பார்த்துக்குங்க."

"தெரியும் தங்கச்சி, தெரியும்," என்றார் கருப்பையா. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவரும் நம்பவில்லை.

கருப்பையா சொன்னது

மூன்று மாதம் கடந்தது. ஓராண்டு கடந்தது. ஜப்பானியரும் போனார்கள். கிராணியார் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகி, மூன்று ஆசன வண்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். போகுமுன் எங்கள் வாசலில் வந்து நின்றார். அஞ்சலை கதவைத் திறக்கவில்லை.

அதன் பின்னரே கருப்பையா திரும்பி வந்தார். ஒரு கால் புண்ணாகி எலும்பு தெரிந்தது. வாய்த்துடுக்கெல்லாம் போயிருந்தது. என்னை மட்டும் தனியாகப் புகைவீட்டுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்.

"முகாமுக்குப் போன முதல் நாளே அங்கிருந்த தமிழ் டிரெசர் வயசு கேட்டாரு. சின்னப் பசங்களைப் பாதை வேலைக்கு விடாம, குசினியில சமையலுக்குத் தண்ணி தூக்க வச்சுக்குவாரு. மலை உடைக்கிற வேலை இல்ல. சோறும் கொஞ்சம் கூடக் கிடைக்கும். தங்கவேலு முறை வந்துச்சு. பதினாறுன்னான்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூஞ்சியை அப்பத்தான் சரியாப் பார்த்தேன். பால்மணம் மாறாத மூஞ்சி. தங்கச்சி சொன்னது நிசம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அவன் காலை மிதிச்சேன். அவன் மாத்தலை. அப்புறமா ஏண்டான்னு கேட்டேன். 'அப்பா கிராணி ஐயாகிட்ட பதினாறுன்னு சொல்லிட்டாரு மாமா. நான் மாத்திச் சொன்னா அப்பா பொய் சொன்னவராயிடுவாரு. அவரைப் பிடிப்பாங்க'ன்னான்."

அடைமழையில் வாந்திபேதி வந்தது என்றார். இரண்டு நாள் என்றார். புதைத்தது எந்த இடம் என்று கேட்டேன். இடத்துக்குப் பெயர் இல்லை என்றார்.

அஞ்சலையிடம் வாந்திபேதி என்று மட்டும் சொன்னேன். டிரெசர் வயது கேட்டதையும் அவன் சொன்ன விடையையும் அவள் அறியாமலேயே போய்ச் சேர்ந்தாள். கருப்பையாவும் எவரிடமும் வாய் திறக்காமல் மறைந்தார்.

பார்வதி இப்போது மெர்கோங்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். தன் வீக்கம் எந்த அரிசியால் வடிந்தது என்பது அவளுக்குத் தெரியும். கிராணியார் வாசலில் நான் சொன்ன சொல் அவளுக்குத் தெரியாது; தாய் அவளிடம் சொல்லவில்லை, ராஜுவுக்கு வெட்டுக்கிளி மட்டுமே நினைவிருக்கிறது. அண்ணனைச் சயாமுக்கு அனுப்பியவர் கிராணியார்தான் என்று இத்தனை ஆண்டுகளாக அவரைத் தூற்றி வருகிறாள். நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

இந்த இதழ் சனிக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போய்விடும். அச்சில் காண்பதற்கு முன் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று இம்மாதத்தில் இருமுறை பேருந்து ஏறிப் போனேன். இரண்டு முறையும் கூடத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். உண்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.